மனையின் மட்டமும் மழையின் வழியும்

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இந்தத் தேசத்தின் விஸ்தீரணம் முழுவதையும் கணித சாஸ்திரப்படி அளந்துவிட வேண்டும் என்ற சங்கல்பத்தோடு சென்னைக்குத் தெற்கே வந்து முகாமிட்ட வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, தமது முதல் அடிக்கோட்டைப் போடுவதற்குப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே விரிந்து கிடந்த சமவெளியைத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ ஏழரை மைல் தூரம் உருக்குச் சங்கிலியைக் கிடத்திக் கிடத்தி அளப்பதற்கு மேடு பள்ளம் அதிகமில்லாத தரை வேண்டியிருந்தது. கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே, பாய் விரித்தாற்போல, அத்தகைய தரை அங்கே கிடந்தது. நில அளவைக்காரருக்குப் பெரும் பாக்கியமாக வாய்த்த அந்தத் தட்டைத்தன்மையே, இரண்டு நூற்றாண்டுகள் கழித்து அதே வெளியில், வேளச்சேரி என்றும் பள்ளிக்கரணை என்றும் மேடவாக்கம் என்றும் பெயர் சொல்லி, கணினி நிறுவனங்களையும் வணிக வளாகங்களையும் கார் விற்பனைக் கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் எழுப்பியவர்களுக்கு, ஐப்பசி பிறந்தால் நெஞ்சிடியாக முடிந்திருக்கிறது.

மலைச்சரிவில் விழுந்த நீருக்கு யாரும் வழி சொல்லித் தர வேண்டியதில்லை. சமவெளியில் விழுந்த நீரோ, விரற்கடை அளவான சரிவையும் பிரமாணமாகக் கொண்டு நடக்கிறது. அந்த விரற்கடையை மனிதன் மாற்றிவிட்டால் அதுவும் தன் மார்க்கத்தை மாற்றிக்கொள்கிறது. ஆகவே இத்தகைய ஊரில் வியாபார நிமித்தமாக ஒரு கட்டடத்தை நிர்மாணிக்க எண்ணுகிறவர், தூண் எங்கே, சுவர் எங்கே என்று தீர்மானிப்பதற்கு முன்பே, தரை எந்த மூலையில் எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது வெளிப்படையான நியாயம். நடைமுறையிலோ எல்லாம் தலைகீழாக நடக்கிறது. முகப்புக் கண்ணாடிக்கும் அலுமினியப் பலகைக்கும் மின்தூக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் பணத்தைக் கொட்டி இறைத்த பிறகு, மதிப்பீட்டுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ‘வெளி வேலைகள்’ என்று இரண்டு வரியில் அடங்கிக் கிடக்கும் தரைச் சமாசாரத்துக்கு வரும்போது, கையிருப்பும் கரைந்துபோயிருக்கும், திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாகியிருக்கும். அந்த அவசரத்தில் கொட்டுகிற மண்ணும் பாவுகிற கல்லும்தான் அடுத்த முப்பது வருஷத்துக்கு அந்தக் கடையின் வாசலில் தண்ணீர் நிற்குமா ஓடுமா என்பதை நிர்ணயிக்கின்றன.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இதில் மர்மம் ஏதும் இல்லை. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதன்மீது பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அங்கே விழும் நீர் சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றுவதானால் 33 லாரிகள் போதமாட்டா. வடகிழக்குப் பருவகாலத்தில் சென்னைக்குப் பத்து சென்டிமீட்டர் என்பது ஆச்சரியப்படத்தக்க மழையே அல்ல. 2015 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். ஆனால் வடிகால் சாஸ்திரத்தில் நாள் மழையைவிட மணி மழைக்கே மதிப்பு அதிகம். ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டுகிறதென்று வைத்துக்கொண்டால், கூரையும் சிமெண்டுத் தரையுமாக முழுக்க மூடிவிட்ட ஓர் ஏக்கர் மனையிலிருந்து விநாடிக்கு 50 லிட்டருக்கு மேல் வெளியேறியாக வேண்டும். ஆறங்குலக் குழாய் ஒன்று, நூற்றுக்கு ஒன்று என்ற நல்ல சரிவில் வழுவழுப்பாக நிரம்பி ஓடினால்கூட, விநாடிக்கு 20 லிட்டருக்கு மேல் கடத்தாது. இருந்தும், ஏக்கர்க்கணக்கான வளாகங்கள் ஓர் ஆறங்குலக் குழாயைத் தெருவுக்கு நீட்டிவிட்டுத் தம் கடமை முடிந்ததாக இருந்துவிடுகின்றன. மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, அந்த நிலம் குடிக்காமல் விட்டுவிடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கிப் பிரவாகத்தைக் கண்டுபிடிக்கும் இந்த முறையை 1889-இலேயே அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்துப் பொறியாளர் எமில் குய்க்லிங் எழுதி வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல்தான் அது. அதைப் போட்டுப் பார்க்கச் சோம்புவதற்குக் காரணம், விடை செலவு வைக்கும் என்ற பயமே.

அடுத்து, மண் கொட்டுதல். தாழ்ந்த மனையை வாங்கியவர் முதலில் செய்கிற காரியம் அதை மேடாக்குவது. டிப்பர் லாரிகள் இரவெல்லாம் வந்து கொட்ட, விடிவதற்குள் ஜே.சி.பி. நிரவிவிட்டுப் போய்விடும். நூறு கன அடியை ஒரு யூனிட் என்று கணக்கிட்டால், ஓர் ஏக்கரை மூன்றடி உயர்த்துவதற்கு 1,300 யூனிட்டுக்கு மேல் மண் வேண்டும். இறுக்கும்போது அமுங்குவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இவ்வளவு மண்ணும் எந்த ஏரியின் வயிற்றிலிருந்தும் எந்தக் குன்றின் மடியிலிருந்தும் வந்தது என்ற கேள்வியை இங்கே விட்டுவிடுகிறேன். அது தனிக் கட்டுரைக்கு உரியது. நான் சொல்ல வருவது வேறு. அந்த மூன்றடி மண் இருக்கும் இடத்தில், முன்பு மழைக்காலத்தில் தண்ணீர் நின்றது. ஓர் ஏக்கரில் மூன்றடி என்றால் 37 லட்சம் லிட்டர். மனையை உயர்த்தியவர் அந்த 37 லட்சம் லிட்டரை ஒழித்துவிடவில்லை; தன் எல்லைக்கு வெளியே நகர்த்திவிட்டார். அது இப்போது பக்கத்துத் தெருவில், பக்கத்து வீட்டுக் கூடத்தில், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மைதானத்தில் இருக்கிறது.

இதில் ஒரு தர்ம நியாயம் இருப்பதை நம்முடைய சட்டமும் வெகு காலமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், மேட்டு நிலத்தில் இயற்கையாக விழுகிற நீர் தாழ்ந்த நிலத்துக்கு இயற்கையாகவே வழிந்து செல்வதற்கு மேட்டு நிலக்காரருக்கு உரிமையுண்டு என்றும், தாழ்ந்த நிலத்துக்காரர் அதற்கு இடம்கொடுக்க வேண்டும் என்றும் உதாரணத்தோடு சொல்லியிருக்கிறது. ஆயினும், நேற்றுவரை தாழ்ந்திருந்த நிலம் ஒரே இரவில் மேட்டு நிலமாக மாறிவிடும் வித்தை கைவந்த காலத்தில், எது இயற்கை, எது செயற்கை என்று பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்தின் தலையில் வந்து விழுகிறது. வழக்குத் தீர்வதற்குள் எத்தனையோ கார்த்திகைகள் கழிந்துவிடும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் கடன் வாங்கித் தம் மனையை நாலடி உயர்த்திவிடுவார். அரசாங்கமும் இந்தப் போட்டியில் பின்தங்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, சாலைகள் படிப்படியாக உயர்ந்துகொண்டே வந்தன. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே மறுபடி சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தின் தலைமைச் செயலர் உத்தரவிட நேர்ந்ததிலிருந்தே அந்த வழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பழைய கடைத் தெருக்களில், மூன்று படி ஏறிப் போன கடைகளுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம்.

ஆயினும் மனையை உயர்த்துவதே பாவம் என்று நான் வாதிக்க வரவில்லை. வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே கடையின் தளமட்டம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரி பிழைக்க முடியாது. ஆனால் கட்டடத்தின் அடித்தளத்தை உயர்த்துவது ஒன்று, மனை முழுவதையும் உயர்த்துவது வேறொன்று. கட்டடம் மேட்டில் நிற்கட்டும். வண்டி நிறுத்துமிடம், சுற்றுப்பாதை, தோட்டம் ஆகியவை படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் ஒரு பள்ளத்தையோ குளத்தையோ சென்று சேரட்டும். பெரு மழையன்று வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சாண் தண்ணீர் சில மணி நேரம் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஒரு சாணே தெருவைக் காப்பாற்றிவிடும். பணத்தை மிச்சப்படுத்துகிற யோசனையும் இதுதான். ஆயினும் நம் மனையில் தண்ணீர் நிற்பதாவது என்ற அபிமானம் குறுக்கே வந்து, சுற்றுச்சுவரிலிருந்து சுற்றுச்சுவர் வரை மண்ணைக் கொட்டச் செய்துவிடுகிறது.

இனி, கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லுகிற தரைச் சரிவின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலின் ஜீவநாடி அதுவே. தார்த்தரையானாலும் கல் பாவிய தரையானாலும் ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு இருந்தால் நீர் தயங்காமல் ஓடும். நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே போனால், கல்லின் சிறு மேடும் பள்ளமும் அந்தச் சரிவை விழுங்கிவிடும். நூறடி நீளமுள்ள முற்றத்தில் ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டடி வித்தியாசம். கட்டடத்தின் வாசலிலிருந்து தெரு வரை அந்த இரண்டடியைக் கண்டுபிடித்து வைக்க வேண்டுமே! அந்த இரண்டடி தளமட்டத்தைத் தீர்மானிக்கும்போதே கணக்கில் வந்திருக்க வேண்டும். அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கதவும் மாட்டிய பிறகு அதைத் தேடினால் கிடைக்காது. கிடைக்காதபோது, தெருவை நோக்கிச் சரிய வேண்டிய முற்றம் கட்டடத்தை நோக்கியே சரிவதும், கடையின் உருளைக் கதவுக்குக் கீழே மணல் மூட்டை அடுக்குவதும் வருஷாந்தரச் சடங்காகிவிடுகின்றன.

மேடவாக்கம் பக்கத்தில், புதிதாக எழுந்துகொண்டிருந்த கடை வளாகம் ஒன்றின் பின்முற்றத்தில் கல் பாவும் வேலை நடப்பதைச் சில காலத்துக்கு முன் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுச்சுவர் நெடுக நீல மையில் மட்டக்குறி இட்டிருந்தார்கள். வரைபடத்தை டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு அளவைக் கருவி வைத்துத் தயாரித்திருந்தார்கள் என்றாலும், தரையில் குறி வைத்தது என்னவோ இரண்டு ஆட்கள் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்ட, நீர் நிரப்பிய ரப்பர்க் குழாய்தான். உள்ளே காற்றுக் குமிழி சிக்கிவிட்டால் மட்டம் பொய் சொல்லும் என்பதால், மேஸ்திரி அந்தக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, தலையிலிருந்து வால் வரை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்த பின்பே கையில் கொடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர்; விழுப்புரம் ஜில்லாக்காரர். ஒரு பகுதி முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை மேட்டு முனையில் மெதுவாகச் சாய்க்கச் சொன்னார். நீர் கல்லிடுக்குகளில் கறுப்புக் கோடுகளாக இறங்கி, கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடி, வடிகால் சேம்பரின் இரும்பு மூடிக்கு முன்னால் வந்து நின்று, மூடியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்புறமாகத் திரும்பியது. மூடி தரையைவிட விரல் கனம் உயர்ந்திருந்தது.

“தண்ணி வாங்கற மூடி தரைக்கு மேல நின்னா அது எப்படிண்ணே வாங்கும்?” என்று அந்த மூடியை வைத்த ஆளைப் பார்த்துக் கேட்டார். ஆள் பதில் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “பேப்பர்ல எல்லாரும் வாட்டம் போட்ருவாங்க சார். ஊத்திப் பார்க்கறவங்கதான் கம்மி” என்றார். சுற்றியிருந்த கற்களைப் பெயர்த்து, மூடியின் சட்டத்தை இறக்கி, மறுபடி மணல் நிரவி, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வரை, அடுத்த பகுதிக்குப் போக அவர் சம்மதிக்கவில்லை. கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்பட்ட வேலை அது. பெயர்த்து வைத்ததற்கு யாரும் தனியாகக் கொடுக்கப் போவதில்லை.

பேவர் பிளாக் என்று ஊர் முழுவதும் வழங்கும் அந்த சிமெண்டுக் கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதற்கென்று இந்தியத் தர நிர்ணயம் 2006 முதல் இருந்துவருகிறது. ஆட்கள் மட்டும் நடமாடும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனம், சிறு வண்டிகளுக்கு 60, லாரிகள் புழங்கும் இடத்துக்கு 80, 100 என்று கனமும் வலிமையும் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கின்றன. சரக்கு லாரி வந்து திரும்பும் பின்முற்றத்திலும் அறுபது மில்லிமீட்டர்க் கல்லையே பாவிவிட்டு, இரண்டே வருஷத்தில் சக்கரத் தடம் குழிந்துவிட்டதே என்று கல் வியாபாரியை நிந்திப்பதில் அர்த்தமில்லை. கல்லைவிடக் கல்லுக்கு அடியில் இருப்பது முக்கியம். மண்ணை இருபது சென்டிமீட்டர் அடுக்கு அடுக்காகப் போட்டு, அளவான ஈரம் காட்டி, ரோலரால் இறுக்க வேண்டும். எவ்வளவு ஈரத்தில் எந்த மண் மிக நன்றாக இறுகும் என்பதைக் காணும் பரிசோதனையை கலிபோர்னியாவில் அணை கட்டிக்கொண்டிருந்த ரால்ஃப் பிராக்டர் 1933-இல் வகுத்தளித்தார். அவர் பெயராலேயே அந்தச் சோதனை இன்றும் வழங்குகிறது. அதன்மேல் ஜல்லி, அதன்மேல் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மணல், அதன்மேல்தான் கல். ஓரங்களில் கெர்ப் கல் அசையாமல் நிற்காவிட்டால், உள்ளே இருப்பவை எல்லாம் மெல்ல மெல்ல விலகி இடைவெளி கண்டுவிடும்.

மூன்றடி மண்ணை ஒரே மூச்சில் கொட்டி, மேலாக ஒரு முறை ஜே.சி.பி.யை ஓட்டிவிட்டால் அதுவே இறுக்கம் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பருவமழையில் அந்த மண் தானாகவே இறுகிக்கொள்கிறது. இறுகும்போது எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறுகுவதில்லை என்பதால், வாளித் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சம்பாதித்த வாட்டம் எல்லாம் குட்டைகளாக மாறிப்போகிறது. அடியில் களிமண்ணாக இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிக்கும். சித்திரையில் வெடித்துச் சுருங்குவதும் ஐப்பசியில் குடித்து வீங்குவதுமாக, அது தன்மேல் இருப்பவற்றை ஒருபோதும் சும்மா இருக்க விடாது. இன்னொரு கொடுமை: கல்லிடுக்கில் நீர் இறங்கி மண்ணைச் சேர வேண்டும் என்பதற்காகவே மணலை நிரப்பி வைக்கும் முறையில், கல்லுக்கு அடியில் காங்கிரீட்டும் இடுக்கில் சிமெண்டுப் பாலுமாக ஊற்றிவிட்டு, ‘நீர் உறிஞ்சும் தரை’ என்று விண்ணப்பத்தில் எழுதிக்கொடுக்கிறார்கள்.

இப்போது வடிகால். பூமியின் மேல் ஓடிய நீர் பூமிக்கு அடியில் புகுந்ததும் அதைப் பற்றிய கவலையும் மறைந்துவிடுவது மனித சுபாவம். தெருவிலிருக்கும் மழைநீர்க் கால்வாயின் அடிமட்டம் என்ன என்று அளந்து பார்த்த பிறகுதான் மனைக்குள் வடிகாலை வரையவே தொடங்க வேண்டும். மனையின் பின்கோடியிலிருந்து தெரு வரை 150 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறுக்கு ஒன்று என்ற மிதமான சரிவில் குழாய் வந்தாலும் அரை மீட்டர் இறங்கிவிடும். பின்கோடியிலேயே ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கிய குழாய், தெருவை வந்தடையும்போது மூன்றடிக்குச் சற்று அதிகமான ஆழத்தில் இருக்கும். தெருக் கால்வாயின் அடிமட்டம் மூன்றடியிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? வளாகத்தின் நீர் வெளியே போவதற்கு முன்பு தெருவின் நீர் வளாகத்துக்குள் வரும். நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்தி வெளிநீரைத் தடுக்கலாம். ஆனால் வெளிநீர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை உள்நீரும் வெளியேற முடியாதென்பதால், அந்த நேரத்து மழையைத் தாங்குவதற்கு உள்ளே ஓர் இடம் இருக்க வேண்டும். கடலை அடுத்த ஊரில் இது அபூர்வமான நிலைமை அன்று. அடையாறும் கூவமும் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டியிருக்கும்போதும், கடல் ஏற்றத்தில் இருக்கும்போதும், ஊரின் கால்வாய்கள் அத்தனையும் மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்து நிற்கின்றன.

கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும் குழாய் அடைபடும். சல்லடை மூடியின்மேல் வாதாமர இலையும் தேநீர்க் காகிதக் குவளையும் பால் கவரும் ரப்பர் பட்டையுமாக ஒட்டிக்கொண்டு, முதல் பத்து நிமிஷ மழையிலேயே ஒரு தோல் மாதிரி படிந்துவிடுவதை எந்தக் கடைத் தெருவிலும் காணலாம். ஆகவே குழாயை நம்பி மட்டும் ஒரு மனையைத் திட்டமிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் முக்கிய விஷயம். ஏரியை வெட்டிய நம் முன்னோர், பாசனத்துக்கு மதகை வைத்ததோடு நின்றுவிடாமல், மதகு கொள்ளாத வெள்ளம் கரையை உடைக்காமல் தானாகவே வழிந்து போவதற்குக் கலங்கலையும் கட்டினார்கள். கலங்கல் இல்லாத ஏரியை ஒருவரும் ஏரி என்று மதிக்கமாட்டார்கள். சாதாரண மழைக்குக் குழாய். அசாதாரண மழைக்குத் தரையின் மேலேயே, தடுப்பும் படியும் சுவரும் குறுக்கிடாத ஒரு திறந்த வழி. அத்தனை மூடிகளும் அடைபட்டுப்போனாலும், மனையில் விழுந்த நீர் கடையின் வாசற்படியைத் தொடுவதற்கு முன்பே வேறு ஒரு பக்கமாக வெளியேறிவிடும்படி தரை அமைந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால், பெரும்பாலான வளாகங்களில் அந்த வழியை அடைத்துக்கொண்டு காவலாளியின் அறையோ, ஜெனரேட்டர் மேடையோ, சுற்றுச்சுவரோ நிற்பதைத்தான் காண்பீர்கள்.

பாதாள அறைகள் இந்தக் கேள்வியைப் பன்மடங்கு தீவிரமாக்குகின்றன. கார் இறங்கும் சரிவுப்பாதையின் தலையில் ஒரு சாண் உயரத்துக்கு மேடு வைத்து, அதற்குப் பிறகே இறக்கத்தைத் தொடங்க வேண்டும் என்பது எளிய உபாயம். மேடு வைத்தால் வாடிக்கையாளரின் காரின் அடி தட்டும் என்று அதைச் செதுக்கிவிடுகிறார்கள். இறைக்கும் மோட்டாரும், அந்த மோட்டாருக்கு மின்சாரம் தரும் பலகையும், இரண்டும் பாதாள அறையிலேயே இருந்துவிட்டால், வெள்ளம் முதலில் அணைப்பது அந்தப் பலகையைத்தான். கட்டி முடித்தவற்றின் கதை இது. கட்டாமல் தோண்டிப் போட்டவற்றின் கதை இன்னும் கொடிது: 2023 டிசம்பர் 4-ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடி ஆழமுள்ள குழியின் ஓரம் சரிந்து, இருவர் உயிரிழந்தனர், நீரை இறைத்து உடல்களை மீட்பதற்கு நாட்கள் பிடித்தன.

தனி மனையின் விஷயத்தை மட்டும் பேசிக்கொண்டு ஊரை மறந்துவிட முடியாது. தமிழ்நாட்டின் மகா கடைத்தெருவான தியாகராய நகர், நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியை 1923 முதற்கொண்டு வடித்துப் பிறந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இன்றும் இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். அந்தப் பகுதியின் நீர் மாம்பலம் கால்வாய் வழியாகவே அடையாற்றை அடைய வேண்டும். 2021 நவம்பரில் பாண்டி பஜாரும் அதன் சுற்றுவட்டாரமும் நீரில் நின்றபோது எழுந்த ஆரவாரத்தில், அரசாங்கம் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழின் தலைமையில் வெள்ளத் தடுப்புக்கென ஒரு குழுவை நியமித்தது. அதற்குப் பின் ஊரெங்கும் புதிய கால்வாய்கள் வெட்டப்பட்டன. கொசஸ்தலையாற்றுப் படுகையின் கால்வாய் வேலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும் கோவளம் படுகையின் வேலைக்கு ஜெர்மானிய வங்கியும் கடன் கொடுத்தன. அண்டை நகரமும் தப்பவில்லை. 2022 ஆகஸ்டு கடைசியில் பெங்களூரின் வெளிவட்டச் சாலை மூழ்கி, ஊழியர்கள் ஐந்து மணி நேரம் வழியில் சிக்கிக்கொண்டதால் ஒரே நாளில் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று அங்குள்ள நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்கு எழுதியது. நஷ்டக் கணக்கு எழுதத் தெரிந்த நிறுவனங்கள், தத்தம் வளாகத்துச் சுற்றுச்சுவருக்கு அடியில் மழைநீர் ஓடும் எந்த ராஜகால்வாய் புதைந்திருக்கிறது என்ற கணக்கையும் எழுதியிருந்தால் கடிதம் இன்னும் சுவாரசியமாக இருந்திருக்கும்.

மழைநீரை வெளியேற்றுவது ஒன்றே வழி அல்லவென்பதை 2003-ஆம் வருஷம் தமிழ்நாடு நாட்டுக்கே எடுத்துக்காட்டியது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருந்தாக வேண்டும் என்ற அவசரச் சட்டம் அந்த ஆண்டு பிறந்தது. ஆனால் பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் குடிப்பதில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் ஓர் உறைகிணறு மளமளவென்று விழுங்கும் நீரை, வேளச்சேரிக் களிமண் நாள்கணக்கில் வாயில் வைத்துக்கொண்டிருக்கும். பரங்கிமலை அடிவாரத்தில் சில அடிகளிலேயே பாறை தட்டும். களிமண் நிலத்தில் கிணற்றைக் களிக்கு அடியிலுள்ள மணற்படுகை வரை இறக்காவிட்டால் அது சட்டத்துக்காகத் தோண்டிய குழியே தவிர வேறல்ல. அங்கே உசிதமானது, நீரைத் தொட்டியிலோ திறந்த குளத்திலோ தேக்கி வைத்து, மழை ஓய்ந்து தெருக் கால்வாய் காலியான பிறகு மெல்ல விடுவது. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலில் 2024-இல் அரசாங்கம் குளங்களை வெட்டியதும் இந்தத் தத்துவத்தை ஒட்டியே. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவருடைய செலவுமின்றி யுகயுகமாக இதே ஊழியத்தைச் செய்துவந்தது. சுற்றியுள்ள ஊர்களின் நீரை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குச் சிறுகச் சிறுக அனுப்பியது. அதன் பெரும் பகுதியைக் குப்பையும் கட்டடமும் விழுங்கிய பின், எஞ்சியதற்கு 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது.

கட்டப் போகிறவருக்கு, வியாபார முறையிலேயே ஒன்று சொல்லலாம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கைப் பிடித்தமாக வைத்துக்கொண்டு, குறை தீர்க்கும் காலம் முடிந்த பிறகு கொடுப்பது கட்டட உலகின் வழக்கம். ஜனவரியில் வேலை முடிந்து, ஆறு மாதக் காலம் என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஜூலையில் பிடித்தப் பணம் போய்விடும். தரை ஒரு நல்ல மழையைக்கூடக் கண்டிருக்காது. முற்றம், கல் பாவிய தரை, வடிகால் ஆகியவற்றுக்கு மட்டுமாவது, மாதக் கணக்கை விட்டுவிட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு முழு வடகிழக்குப் பருவம் கழிந்த பிறகே பிடித்தம் விடுவிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதனுடன், வரைபடத்தில் குறித்த ஒவ்வோர் இடத்தின் மட்டமும் கடல்மட்டக் கணக்கில் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘தேவையான சரிவு’ என்று எழுதிய வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.